மோட்டார்ஹோம் சமன்படுத்தல்

சரிவில் நிறுத்திய வீட்டு வண்டியின் தளத்தை மட்டத்துக்குக் கொண்டுவரும் வேலை. படுக்கையில் தலைப்பக்கம் தாழ்ந்தால் தூக்கம் கெடும். அது சின்னத் தொல்லைதான். பெரிய சிக்கல் குளிர்பெட்டியில் இருக்கிறது.

1922இல் சுவீடனில் மாணவர்களாக இருந்த பான் பிளாட்டனும் முன்டர்ஸும் உருவாக்கிய, பல வீட்டு வண்டிகளில் உள்ள உறிஞ்சுமுறைக் குளிர்பெட்டியில் மோட்டார் பம்பு கிடையாது. அமோனியாக் கரைசல் புவியீர்ப்பால்தான் கொதிகலனுக்குத் திரும்புகிறது. வண்டி நெடுநேரம் சாய்ந்து நின்றால் திரவம் தேங்கும், கொதிகலன் மிகையாகச் சூடேறும், குழாய் அடைபடும். கம்ப்ரசர் வகைக்கு இந்தப் பிகு இல்லை.

ரசமட்டம் பார்த்து, தாழ்ந்த பக்கச் சக்கரங்களைப் பலகை அல்லது சாய்கட்டை மேல் ஏற்றுவது பழைய வழி. பெரிய வண்டிகளில் ஹைட்ராலிக் ஜாக்கிகள் உண்டு. ஆனால் பல வண்டிகளில் கைபிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். அவற்றை அந்தரத்தில் தூக்கினால் வண்டி ஜாக்கியிலிருந்து நழுவி உருளலாம்.