பொன் தகடும் ஆமையோட்டு வண்ணமும்

பாஸ் கிட்டாருக்குப் புதிதாக ஒரு பிக்கார்டு, அதாவது அதன் முகப்பில் திருகப்படும் தகடு, செய்யக் கொடுத்தால், வடிவத்தைப் பட்டறைக்காரர் பழைய பிக்கார்டிலிருந்தே எடுத்துக்கொள்வார். எந்தப் பொருளில் செய்வது என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் பிறந்த ஃபெண்டர் பிரிசிஷன் பாஸ் அந்தக் கேள்விக்கு இரண்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு விடைகளைத் தந்தது. 1957இல் அதன் முகத்தில் பொன்னிற அனோடைஸ் பூச்சேறிய அலுமினியத் தகடு வந்தது. 1959இல் அது விலகி, ஆமையோட்டின் செம்பழுப்புத் திட்டுகளைப் போலச் செய்த செல்லுலாய்டு வந்தது. இன்று பிக்கார்டு செய்யக் கொடுப்பவரும் பெரும்பாலும் உலோகமா, பிளாஸ்டிக்கா என்ற இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கிறார்.

இந்த பாஸில் பிக்கார்டு வெறும் அலங்காரம் அல்ல. ஒலியளவு, தொனி ஆகிய இரண்டு கட்டுப்பாடுகளும், கேபிள் செருகும் ஜாக்கும் அதன்மேலேயே பொருத்தப்பட்டிருக்கின்றன. தந்தியின் அதிர்வை மின்சைகையாக்கும் பிக்அப் மட்டும் மரத்தில் திருகப்பட்டு, பிக்கார்டின் திறப்பு வழியாக எட்டிப்பார்க்கிறது. ஆகவே ஒப்பிட வேண்டியவை மூன்று: இரைச்சலை எது அடக்குகிறது, உருவத்தை எது காக்கிறது, செய்யும்போது எது இடம் கொடுக்கிறது.

இரைச்சலில் அலுமினியத்துக்கே வெற்றி. எர்த் ஆன உலோகத் தகடு, உள்ளே ஓடும் கம்பிகளுக்கு ஒரு கவசம். விரல் உரசுவதால் எழும் நிலைமின் படபடப்பும் அதில் தங்காது. செல்லுலாய்டுக்கு இந்தக் குணம் இல்லை. அதனால்தான் அறுபதுகளின் பாஸ்களில் கட்டுப்பாடுகளுக்கு அடியில் தனியாக ஓர் அலுமினியத் தகட்டை வைத்தார்கள். இன்று பிளாஸ்டிக்கில் செய்பவர்கள் பின்புறம் செம்புப் படலம் ஒட்டுகிறார்கள். ஆனால் அலுமினியத்திலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அனோடைஸ் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. கட்டுப்பாடுகள் அமரும் இடத்தில் பின்பக்கப் பூச்சைச் சுரண்டி வெறும் உலோகத்தைக் காட்டினால்தான் எர்த் உறுதியாகப் பிடிக்கும். இதைப் பட்டறையில் சொல்லாமல் விட்டால், கவசம் இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடக்கூடும்.

உருவத்தைக் காப்பதிலும் உலோகமே முன்னிற்கிறது. பழைய செல்லுலாய்டு, நைட்ரோசெல்லுலோஸோடு கற்பூரம் சேர்த்துச் செய்த பொருள். திறந்துவைத்த கற்பூரம் என்ன ஆகும் என்று நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். பிக்கார்டிலும் அதுவேதான் நடக்கிறது. கற்பூரம் மெல்ல மெல்லக் காற்றில் போகப் போக, தகடு சுருங்குகிறது, ஓரம் தூக்குகிறது, திருகாணியைச் சுற்றி விரிசல் விடுகிறது. அலுமினியத் தகட்டுக்கு 10 திருகாணிகள் போதுமாக இருந்தன. செல்லுலாய்டுக்கு 13 வந்தன. வளையக்கூடிய பொருளை நெருக்கமாகப் பிடித்துவைக்க வேண்டியிருக்கிறது. இந்த எண்ணிக்கை வேறுபாட்டால் ஓர் ஆண்டின் பாஸுக்கான பிக்கார்டு வேறோர் ஆண்டின் பாஸில் சரியாக உட்காராது. தனியாகச் செய்யக் கொடுக்கும் தேவை பலருக்கு இங்கிருந்துதான் தொடங்குகிறது. அலுமினியத்துக்கும் மூப்பு உண்டு. கை உரசும் இடங்களில் பொன்னிறம் தேய்ந்து வெள்ளை உலோகம் தெரியும். ஆனால் அது நிறத்தின் தேய்மானம், அளவு மாறாது.

மூன்றாவது கேள்வியில் தராசு மறுபக்கம் சாய்கிறது. அலுமினியத்தை வெட்டி, துளையிட்டு, திருகாணித் தலை அமிழப் பள்ளம் எடுத்து, ஓரத்தை மழுக்கி, எல்லாம் முடிந்த பிறகே அனோடைஸ் செய்ய வேண்டும். பிறகு கை வைத்தால் பூச்சு போய்விடும். என் பாஸுக்கு முதன்முறை தகடு செய்யக் கொடுத்தபோது, அளவுகளைக் காகிதத்தில் மட்டும் எழுதிக் கொடுத்தேன். ஜாக் துளை 2 மில்லிமீட்டர் தள்ளி வந்தது. அரத்தால் அகலப்படுத்தினேன், பொன்னிறத்தின் நடுவே ஒரு வெள்ளைப் பிறை இன்றும் நிற்கிறது. பிளாஸ்டிக் அப்படியல்ல. பாஸின்மேல் வைத்துப் பார்த்து, இடிக்கும் இடத்தை அரத்தால் இழைத்து, மறுபடி வைத்துப் பார்க்கலாம். பல அடுக்குகளாக ஒட்டிய தகடு என்றால், ஓரத்தைச் சாய்வாகச் செதுக்கும்போது அடுக்குகளின் வெள்ளையும் கருப்பும் கோடுகளாக வெளிப்படும். அந்த அழகை ஒற்றைத் தகட்டால் தர முடியாது. இன்று ஆமையோட்டு வண்ணத்தில் கிடைப்பவை பெரும்பாலும் பி.வி.சி. என்பதால் கற்பூரம் போகும் கவலையும் இல்லை. ஆனால் பி.வி.சி.யை லேசரில் வெட்டக் கூடாது. அது ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை விடும். வெட்டுபவரின் நுரையீரலுக்கும் இயந்திரத்துக்கும் கேடு. சுழலும் வெட்டுமுனை கொண்ட ரவுட்டரில் வெட்டும் இடத்துக்குத்தான் கொடுக்க வேண்டும்.

ஆக, அலுமினியம் முதல் நாளிலேயே முழுத் துல்லியத்தைக் கேட்கிறது. கொடுத்துவிட்டால் பிறகு எதுவும் கேட்பதில்லை. செல்லுலாய்டு முதல் நாளில் விட்டுக்கொடுக்கிறது; பிறகு வாழ்நாள் முழுதும் கவனிப்பைக் கேட்கிறது. துளைகள் ஒழுங்கில்லாத பழைய பாஸ் என்றால் பிளாஸ்டிக்கைத் தேர்ந்தெடுங்கள். மேடை விளக்குகளுக்கு நடுவே இரைச்சலோடு போராடுபவர் உலோகத்துக்குப் போகலாம்.

உலோகம்தான் வேண்டும் என்று முடிவு செய்தவருக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்ட வழி ஒன்று உண்டு. முதலில் மலிவான பிளாஸ்டிக்கில் ஒன்று வெட்டுங்கள். பாஸில் மாட்டி, எல்லாத் திருகாணிகளையும் முடுக்கி, கேபிளைச் செருகி, ஒரு வாரம் வாசியுங்கள். இழைக்க வேண்டியதையெல்லாம் இழைத்த பிறகு, அந்தத் துண்டையே மாதிரியாகப் பட்டறையில் கொடுங்கள். என் இரண்டாவது தகடு அப்படித்தான் வந்தது. அதில் பிறை இல்லை.