கைக்குரியவர்: ‘அமனுவென்சிஸ்’ என்னும் சொல்லின் சமூக வரலாறு

ஒருவர் சொல்ல மற்றொருவர் எழுதும் வழக்கம் எழுத்தறிந்த சமுதாயங்கள் பலவற்றிற்கும் பொதுவானதாகும். அவ்வாறு எழுதுபவரை ஆங்கிலம் ‘அமனுவென்சிஸ்’ எனக் குறிக்கும். பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலத்தீனிலிருந்து வடிவம் மாறாது ஆங்கிலத்திற் புகுந்த இச்சொல், இன்று புலமைச் சார்புடைய சொல்லாகவே வழங்குகின்றது. ஆயின், அதன் பிறப்பிடம் அடிமை முறையாகும். மூளையுழைப்பும் கையுழைப்பும் வேறாக்கப்பட்டமைக்கு இச்சொல்லின் வரலாறு ஒரு சான்றாக அமைகின்றது என்பதே எமது கருத்து.

உரோமச் செல்வர் இல்லங்களில் அடிமைகள் தாம் செய்த பணியாற் பெயர் பெற்றனர். எழுத்துப்பணி செய்தவன் ‘செர்வுஸ் ஆ மனூ’ எனப்பட்டான். ‘செர்வுஸ்’ அடிமையையும் ‘மனுஸ்’ கையையும் குறிக்கும். இத்தொடரின் பிற்பகுதியோடு, உரியவன் எனப் பொருள்தரும் ‘-என்சிஸ்’ விகுதி சேர்ந்து ‘அமனுவென்சிஸ்’ தோன்றிற்று. அடிமை என்ற சொல் மறைய, கை மாத்திரமே பெயரில் எஞ்சியது.

அக்கையின் நிலை யாது? சூட்டோனியஸ் என்னும் உரோம வரலாற்றாசிரியர் தரும் செய்திகள் இரண்டு நோக்கத்தக்கன. தித்துஸ் பேரரசன் சுருக்கெழுத்தில் வல்லவனாய்த் தன் எழுத்தர்களோடு விளையாட்டாகப் போட்டியிட்டான் என்பது ஒன்று. கடிதமொன்றின் செய்தியை வெளியிடுவதற்கு ஐந்நூறு தெனாரியம் பெற்ற தல்லுஸ் என்னும் எழுத்தனின் கால்களை ஒகஸ்தஸ் முறிப்பித்தான் என்பது மற்றையது. தலைவனின் இரகசியங்களை அறிந்தமையே எழுத்தனுக்கு மதிப்பையும் ஆபத்தையும் ஒருங்கே தந்தது.

அறிவுலகிலும் இவ்வுழைப்பு இன்றியமையாததாயிற்று. மூன்றாம் நூற்றாண்டின் கிறித்தவ அறிஞரான ஒரிகன் சொல்வதை, ஏழுக்கு மேற்பட்ட சுருக்கெழுத்தாளர் முறைமாறி எழுதினர் என்றும், படியெடுப்போரும் அழகுற எழுதப் பயின்ற பெண்களும் உடன் பணியாற்றினர் என்றும் யுசேபியஸ் கூறுகின்றார். செலவை ஏற்ற அம்புரோசின் பெயரைக் கூறும் அவர், எழுதியோருள் ஒருவரது பெயரையேனும் அவ்விடத்துக் குறித்தாரல்லர்.

இதனோடு ஒப்புநோக்கத்தக்கது ‘நொத்தாரியுஸ்’ என்னும் சொல். ‘நொத்தா’ எனப்பட்ட சுருக்கக் குறிகளால் எழுதியவன் என்பதே இதன் பொருள். சிசரோவின் அடிமையாயிருந்து கி. மு. 53இல் விடுதலை பெற்ற திரோவின் பெயராலேயே உரோமரின் சுருக்கெழுத்து முறை அறியப்படுகின்றது. நான்காம் நூற்றாண்டில் நொத்தாரியுஸ் என்போர் பேரரசனைச் சார்ந்த உயர் அதிகாரிகளாயினர். சுருக்கெழுத்து ஒன்றையே கற்று எளியோர் உயர்பதவி பெறுகின்றனரென நாவன்மை ஆசிரியரான லிபேனியஸ் மனம் வெதும்பினார். பின்னர் ஐரோப்பியச் சட்ட மரபில் இச்சொல் உறுதி எழுதுபவரைக் குறித்தது. ஈழத்திலே நாம் வழங்கும் ‘நொத்தாரிசு’ என்பதும் ஒல்லாந்தரின் ‘நோத்தாரிஸ்’ என்பதன் வழிவந்ததே.

ஒரே தொழிலிற் பிறந்த இரு சொற்களும் வேறு கதிகளை அடைந்தமைக்குக் காரணம் யாது? நொத்தாரியுசின் எழுத்து அரசினதும் சட்டத்தினதும் அதிகாரத்தைப் பெற்றது. அவன் கையொப்பமே ஆவணத்தை உறுதியாக்கிற்று. அமனுவென்சிசின் எழுத்தோ சொன்னவரின் உடைமையாகவே நின்றது. ஆகவே சொல்லின் உயர்வு திறமையினால் மாத்திரம் அமைந்ததன்று. எழுத்தின்மீது யாருக்கு உரிமை என்பதனாலேயே அது தீர்மானிக்கப்பட்டது.

பிற்காலத்தும் இவ்வுறவு முற்றாக மாறவில்லை. 1652 அளவிற் பார்வையிழந்த மில்ரன், 1667இல் வெளிவந்த ‘இழந்த சுவர்க்கம்’ என்னும் காவியத்தைப் பிறர் எழுதுமாறு சொல்லியே இயற்றினார். எழுதிய கைகள் பலவாயினும் காவியம் ஒருவர் பெயரால் நின்றது. 1928 முதல், நோயுற்ற இசையாளர் டீலியஸ் சொல்ல இசைக்குறிப்பெழுதிய எரிக் ஃபென்பி, அவ்வனுபவத்தை 1936இல் தம் பெயரிலேயே நூலாக்கினார். அமனுவென்சிஸ் ஒருவர் தம் கதையைத் தாமே எழுதியமை இங்கு மனங்கொளத்தக்கது.

இலக்கிய வரலாற்றை ஆக்கியோன் பெயர்ப் பட்டியலாகக் கருதும் வழக்கம் எம்மிடையேயும் உண்டு. நூலொன்றைச் சொன்னவர் யார் என வினவும் நாம், அதனை எழுதியவர் யார் என்றும் வினவுதல் வேண்டும்.