கூடுதலாக ஒரு வருடம்: யார் கணக்கில் எழுதுவது?

எங்கள் தெருவில் ஒரு அண்ணன் இருக்கிறார். வாலிபால் விளையாடுவார். சாரல் அடிக்கிற மாதத்தில் தென்காசியே போர்வையைப் போர்த்திக்கொண்டு கிடக்கும்போதும், சகதியான மைதானத்தில் நெட்டைக் கட்டிவிட்டு ஆள் பிடிக்க வீடு வீடாக வருவார். 2020 ஜூனில் அவர் பி.காம். மூன்றாம் வருடத்துக்குப் போயிருக்க வேண்டும். போனார், செல்போன் வழியாக! அந்த வருடம் கல்லூரி மைதானம் இல்லை, மண்டலப் போட்டி இல்லை, பல்கலைக்கழக அணித் தேர்வு இல்லை. குற்றாலத்தில்கூட அருவி பாட்டுக்கு விழுந்தது, குளிக்கத்தான் மாதக்கணக்கில் தடை. முதல் இரண்டு வருடம் பல்கலைக்கழக அணியின் வாசல்வரை போய்த் திரும்பியவர் அவர். மூன்றாம் வருடம்தான் உள்ளே போவதாக இருந்தது.

"எனக்கு ஒரு வருஷத்தைத் திருப்பிக் குடுத்தா போதும்ல தம்பி" என்று அப்போது அடிக்கடி சொல்வார். நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். சும்மா புலம்புகிறார் என்று நினைத்தேன். அதே 2020இல் அமெரிக்காவில் அந்த ஒரு வருடத்தை நிஜமாகவே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அதன் வரவு செலவைத் தேடிப் படிக்கப் போய், விஷயம் நூறு வருடத்துக்கு முன்னால் போய் நின்றது.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் சங்கத்தின் பெயர் என்.சி.ஏ.ஏ. அதன் முதல் பிரிவில் பொது விதி இதுதான்: கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் நான்கு சீசன் விளையாடலாம். இந்த நான்கு ஒன்றும் ஆதியிலிருந்தே வந்ததில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிய கல்லூரிகள் முதலாம் ஆண்டு மாணவனைப் பிரதான அணியில் சேர்ப்பதில்லை. பையன் முதலில் படிப்பில் காலூன்றட்டும் என்பது காரணம். ஆக மூன்று சீசன்தான். உலகப் போர்களின்போது ஆள் பற்றாக்குறையால் இந்த விதியைத் தளர்த்தினார்கள், போர் முடிந்ததும் இறுக்கினார்கள். 1968இல் மற்ற விளையாட்டுகளுக்கும், 1972இல் அமெரிக்கக் கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் முதலாம் ஆண்டு மாணவர்களை அனுமதித்தார்கள்.

ஏன் 1972? பணம்தான். உதவித்தொகை கொடுத்துச் சேர்த்த பையன் முதல் வருடம் முழுக்க உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கென்று தனியாக ஒரு முதலாம் ஆண்டு அணி, அதற்குப் பயிற்சியாளர், பயணம், சட்டை வேறு. அவனையே பிரதான அணியில் ஆடவிட்டால் இரண்டு செலவும் மிச்சம். அடுத்த வருடமே, 1973இல், கால்பந்து அணிக்கு உதவித்தொகை 105 பேருக்கு மேல் கூடாது என்று வரம்பு வந்தது. பிறகு அது 85 ஆகச் சுருங்கியது.

காஸ்ட் அக்கவுண்டிங் படிக்கிறவன் சும்மா இருக்க முடியுமா? ஒரு பேச்சுக்கு, ஒரு மாணவனுக்கு வருடத்துக்கு 1 லட்சம் உதவித்தொகை என்று வைத்துக்கொள்வோம். நான்கு வருடம் கொடுத்து மூன்று சீசன் ஆடினால், ஒரு சீசனுக்கு அடக்கவிலை 1,33,333 ரூபாய். அதே நான்கு வருடத்தில் நான்கு சீசன் ஆடினால் 1,00,000 ரூபாய். அதாவது 1972இல் கொடுத்த கூடுதல் சீசன் கல்லூரிக்கு லாபம். ஏற்கெனவே வாங்கிப் போட்ட மெஷினை இன்னொரு ஷிப்ட் ஓட்டுவது மாதிரி.

இதற்கு நேர் எதிரான பழக்கமும் இருந்தது. 1937இல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் வாரன் ஆல்ஃப்சன் என்ற மாணவர், தனக்கு முன்னால் அனுபவசாலிகள் வரிசையில் நிற்பதைப் பார்த்து, இந்த வருடம் பயிற்சி மட்டும் செய்கிறேன், ஆட்டத்தில் இறங்கவில்லை, என் சீசனைக் கழிக்காதீர்கள் என்று கேட்டாராம். பயிற்சியில் அவர் எண் இல்லாத சிவப்புச் சட்டை போட்டதால், இப்படிக் காத்திருப்பதற்கே ரெட்ஷர்ட் என்று பெயர் வந்தது என்பார்கள். ஐந்து வருடம் படிப்பு, நான்கு சீசன் ஆட்டம். நம் கணக்கில் சீசனுக்கு 1,25,000 ரூபாய். செலவு கூடினாலும் பயிற்சியாளர்களுக்கு இது பிடித்துப்போனது. பதினெட்டு வயதுப் பையனுக்குப் பதில் இருபத்திரண்டு வயது ஆள் கிடைக்கிறான் அல்லவா?

இனி 2020. மார்ச் 12ஆம் தேதி என்.சி.ஏ.ஏ. தன் கூடைப்பந்துப் போட்டியை ரத்து செய்தது. சங்கத்தின் வருமானத்தில் பெரும்பகுதி அந்த ஒரே போட்டியின் தொலைக்காட்சி உரிமையிலிருந்து வருவது. இரண்டு வாரத்தில், முதல் பிரிவுக் கல்லூரிகளுக்குப் பிரித்துக் கொடுக்க இருந்த 60 கோடி டாலரை 22.5 கோடியாகக் குறைத்தார்கள். மார்ச் 30ஆம் தேதி, அதாவது பை காலியான அதே மாதக் கடைசியில், பேஸ்பால், டென்னிஸ், தடகளம் போன்ற வசந்தகால விளையாட்டு மாணவர்கள் எல்லோருக்கும் ஒரு சீசன் கூடுதல் என்று அறிவித்தார்கள். ஆகஸ்டில் இலையுதிர்கால விளையாட்டுகளுக்கும், அக்டோபரில் கூடைப்பந்து உள்ளிட்ட குளிர்கால விளையாட்டுகளுக்கும் அதே சலுகை. (அதே ஆகஸ்டில் நம் ஊரில் அரியர் கட்டணம் கட்டியவர்களுக்குத் தேர்ச்சி என்று அறிவிப்பு வந்தது. அவரவர் ஊருக்கு அவரவர் வரம்!)

கடைசி வருட வசந்தகால மாணவர்களுக்கு மட்டுமே, பெரிய அரசுப் பல்கலைக்கழகம் ஒவ்வொன்றுக்கும் 5 லட்சம் முதல் 9 லட்சம் டாலர் வரை கூடுதல் செலவாகலாம் என்று யு.எஸ்.ஏ. டுடே நாளிதழ் அப்போது கணக்குப் போட்டது. இது 1972 மாதிரி சும்மா கிடந்த மெஷினை ஓட்டும் கதை இல்லை. நடக்காத சீசனுக்கு உதவித்தொகை ஏற்கெனவே போய்விட்டது, அதே சீசனுக்கு இரண்டாம் முறை கொடுக்க வேண்டும். அதனால் என்.சி.ஏ.ஏ. ஒரு தந்திரம் செய்தது. திரும்பி வரும் கடைசி வருட மாணவனுக்குப் பழைய தொகையையே கொடுக்க வேண்டியதில்லை. குறைக்கலாம், ஒன்றும் கொடுக்காமலும் விடலாம். முதல் வருடத்துக்கு மட்டும் அவன் உதவித்தொகை வரம்பிலும் சேரமாட்டான். வாக்குறுதி சங்கத்துடையது, பில் கல்லூரியுடையது.

விஸ்கான்சின் பல்கலைக்கழகம் எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டது. கடைசி வருட வசந்தகால வீரர்களை நல்லபடியாகப் போய் வரச் சொன்னது. கல்நெஞ்சம் என்று திட்டினார்கள். எனக்கு அது நேர்மையான முடிவாகத்தான் படுகிறது. கொடுக்க முடியாததைக் கொடுப்பேன் என்று சொல்லவில்லையே. பணக்காரப் பல்கலைக்கழகமான ஸ்டான்ஃபோர்டே 2020 ஜூலையில் 11 விளையாட்டுகளை மூடப்போவதாக அறிவித்தது. பழைய மாணவர்கள் போராடிய பிறகு 2021 மே மாதம் பின்வாங்கியது.

அணிகளுக்கு என்ன ஆயிற்று? வயதாகிவிட்டது. 2023 ஜனவரியில் ஜார்ஜியா பல்கலைக்கழகத்துக்குக் கால்பந்துச் சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்த ஸ்டெட்சன் பென்னட்டுக்கு அப்போது 25 வயது. கேம் மெக்கார்மிக் என்பவர் 2016இல் ஆரிகனில் சேர்ந்து, காயங்களுக்கான சலுகையும் கொரோனா வருடமும் சேர்ந்து, 2024இல் மயாமி அணியில் ஒன்பதாவது வருடமாக விளையாடினார். நம் ஊரில் இப்படி ஒருவர் இருந்தால் வாட்ச்மேன்கூட அவரை சார் என்று கூப்பிட ஆரம்பித்துவிடுவார் :-)

இந்த இடத்தில்தான் எனக்கு உறுத்தியது. மேலே இருக்கிறவர் இறங்காவிட்டால் கீழே இருக்கிறவன் எப்படி ஏறுவான்? பேஸ்பாலில் இது இரட்டை அடி. 2020இல் தொழில்முறை அணிகள் ஆள் எடுக்கும் சுற்றுகளை 40இலிருந்து 5ஆகக் குறைத்துவிட்டன. போயிருக்க வேண்டியவர்கள் கல்லூரியிலேயே தங்கினார்கள். அதே நேரத்தில் பள்ளியிலிருந்து புதியவர்கள் வந்து நின்றார்கள். 2021இலிருந்து ஒருமுறை தடையில்லாமல் கல்லூரி மாறலாம் என்றும் ஆனது. பயிற்சியாளர் என்ன செய்வார்? பதினெட்டு வயதுப் பையனை வளர்ப்பதைவிட, வேறு கல்லூரியில் நான்கு வருடம் ஆடித் தேறியவரைக் கூட்டிவருவது லேசு. 2022இல் கூடைப்பந்துச் சாம்பியன் ஆன கான்சாஸ் அணியின் ரெமி மார்ட்டின், அரிசோனா ஸ்டேட்டில் நான்கு வருடம் ஆடிவிட்டு வந்தவர்தான். இடம் கிடைக்காமல் போன பள்ளிப் பையன்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. இந்தச் செலவு ஒரு லெட்ஜரிலும் ஏறாது.

நம் நாட்டில் கடிகாரமே வேறு. இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் அகில இந்தியப் போட்டிகளை நடத்துகிறது. அங்கே சீசனை எண்ணுவதில்லை, வயதை எண்ணுகிறார்கள். முன்பு 28 வயதுக்குள், பிளஸ் டூ முடித்து எட்டு வருடத்துக்குள் என்று இருந்தது. பிறகு 17 முதல் 25 வயது என்று இறக்கினார்கள். முழுநேர மாணவராக இருக்க வேண்டும், முழுநேர வேலையில் இருக்கக் கூடாது. ஆகவே இங்கே கூடுதல் வருடத்தை யாரும் அறிவிக்க வேண்டியதில்லை. வயது இருந்தால் இன்னொரு படிப்பில் சேர்ந்தால் போதும். பி.காம். முடித்து எம்.ஏ., அது முடித்து பி.பி.எட்... நல்ல ஆட்டக்காரர் என்றால் கட்டணத்தையும் விடுதியையும் இலவசமாகக் கொடுத்து அழைத்துக்கொள்ளும் கல்லூரிகள் தமிழ்நாட்டில் உண்டு. படிப்பு முடிகிறதோ இல்லையோ, கோப்பை வரும்.

அங்கே பந்தயப் பொருள் உதவித்தொகை. இங்கே ஒரு தாள். தமிழக அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்குப் போகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். சர்வதேசப் போட்டிக்கு ஃபாரம் 1, தேசியப் போட்டிக்கு ஃபாரம் 2, பல்கலைக்கழகத்துக்காகப் பல்கலைக்கழகங்களுக்கு இடையே ஆடினால் ஃபாரம் 3. காவலர் தேர்வில் 10 சதவீத இடம் விளையாட்டு வீரர்களுக்கு. தென்காசிப் பக்கத்து விவசாய வீட்டுப் பையனுக்கு இந்தியச் சட்டை எட்டாத உயரம். திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகச் சட்டை கொஞ்சம் எட்டிப் பிடித்தால் கிடைக்கக் கூடியது. வாலிபால் அணிக்குப் பன்னிரண்டு சட்டை. ஒருவர் கூடுதலாக ஒரு வருடம் போட்டால், இன்னொருவருக்கு அந்த வருடம் இல்லை.

அமெரிக்காவில் கதை அதற்குப் பிறகு வேறு பக்கம் போய்விட்டது. 2025 ஜூன் 6ஆம் தேதி நீதிமன்றம் ஏற்ற ஒப்பந்தப்படி, ஒரு பல்கலைக்கழகம் 2025-26இல் 2.05 கோடி டாலர் வரை வீரர்களுக்கே நேரடியாகப் பங்கு கொடுக்கலாம். உதவித்தொகை வரம்பு போய், அணியில் எத்தனை பேர் என்ற வரம்பு வந்தது. கால்பந்துக்கு அது மறுபடியும் 105. சம்பளம் மாதிரி பணம் வரும்போது யார்தான் நான்கு சீசனோடு கிளம்புவார்கள்? இன்னொரு சீசன் கேட்டு வழக்குகள் வரிசையாக வந்தன. 2024 டிசம்பரில் டியேகோ பாவியா என்ற வீரர், இரண்டு வருட ஜூனியர் கல்லூரியில் ஆடியதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று தடை உத்தரவே வாங்கினார்.

எங்கள் தெரு அண்ணனுக்கும் வயது இருந்தது. 2021இல் வெளியூர்க் கல்லூரி ஒன்றில் எம்.ஏ. சேர்ந்தார். கட்டணம் கிடையாது, சாப்பாடு விடுதியில். அந்த வருடம் பல்கலைக்கழக அணியில் இடம் கிடைத்தது, ஃபாரம் 3 வந்தது. இப்போது காக்கிச் சட்டையில் இருக்கிறார். தேர்வான அன்று பிரானூர் பார்டரில் எங்கள் எல்லோருக்கும் புரோட்டாவும் நாட்டுக்கோழியும் வாங்கிக் கொடுத்தார்.

அந்த வருடம் தேர்வில் பதின்மூன்றாவதாக நின்ற பையன் எனக்குத் தெரிந்தவன்தான். பாவூர்சத்திரம் பக்கம். அப்போது அவன் பி.ஏ. மூன்றாம் வருடம். மேற்கொண்டு படிக்க வைக்க வீட்டில் வசதி இல்லை, எந்தக் கல்லூரியும் கூப்பிடவும் இல்லை. காய்கறி மார்க்கெட்டில் அப்பாவுடைய கடையைப் பார்த்துக்கொள்கிறான். அண்ணன் லீவில் வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் இவனும் பைக்கை எடுத்துக்கொண்டு வந்துவிடுவான். இரண்டு பேருமே நான்காம் நம்பரில் நின்று அடிக்கிற ஆட்கள், அதனால் ஒரே பக்கம் போட முடியாது. டாஸ் போடும் முன்பே நெட்டுக்கு ஆளுக்கொரு பக்கமாகப் போய் நின்றுகொள்வார்கள்.