லினக்ஸ் கெர்னலில் பக்க ரெஃபரன்ஸ் எண்ணிக்கை

நினைவகத்தின் ஒரு பக்கத்தை இப்போது எத்தனை பேர் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று லினக்ஸ் கெர்னல் வைத்திருக்கும் கணக்கே பக்க ரெஃபரன்ஸ் எண்ணிக்கை. எக்ஸ்86 கணினிகளில் ஒரு பக்கம் 4,096 பைட். அதைப் பற்றிய விவரப் பதிவு 64 பிட் கெர்னலில் வழக்கமாக 64 பைட். அதற்குள் 32 பிட் எண்ணாக இது இருக்கிறது. பக்கத்தை எடுப்பவர் ஒன்று கூட்டுவார், விடுபவர் ஒன்று கழிப்பார். சுழியம் ஆனதும் பக்கம் நினைவக ஒதுக்கியிடம் திரும்பிப் போகும். பல சிபியுக்கள் ஒரே சமயத்தில் தொடும் எண் என்பதால், கூட்டலும் கழித்தலும் இடையில் எவரும் புக முடியாத அணுச் செயல்களாக நடக்கின்றன.

இதை ஒட்டி மேப் எண்ணிக்கை என்று இன்னொன்றும் உண்டு. ஒரு பக்கம் எத்தனை பக்க அட்டவணைகளில் இடம்பெற்றிருக்கிறது என்பதை மட்டும் அது சொல்லும், -1இல் தொடங்கும். ரெஃபரன்ஸ் எண்ணிக்கையோ அட்டவணைகள், பக்கக் கேஷ், சாதன இயக்கிகள் என எல்லோரையும் ஒரே கூட்டுத்தொகையில் அடக்கிவிடும். எத்தனை பேர் என்பது தெரியும். யார், எதற்காக என்பது தெரியாது. இந்த ஏற்பாட்டின் ஆழமான குறை இதுவே.

2020இல் அம்பலமான ஒரு பாதுகாப்புக் குறையில் இதன் விளைவு நன்றாகத் தெரிந்தது. ஃபோர்க் அழைப்பால் தாய்ச் செயல்முறையிலிருந்து பிரிந்த மகவுச் செயல்முறை, தாயோடு பகிர்ந்த பக்கம் ஒன்றை விஎம்ஸ்பிளைஸ் அழைப்பால் ஒரு பைப்பில் பிடித்துக்கொண்டு, தன் அட்டவணையிலிருந்து அதை நீக்கிவிடும். மேப் எண்ணிக்கைப்படி இப்போது பக்கம் தாய்க்கு மட்டுமே சொந்தம். ஆகவே தாய் எழுதும்போது, பகிர்ந்த பக்கத்துக்கு வழக்கமாக எடுக்கும் நகலை எடுக்காமல், கெர்னல் அதே பக்கத்தில் எழுதவிடும். தாய் எழுதிய ரகசியத்தை மகவு பைப் வழியாகப் படித்துவிடும். அதே ஆண்டு வந்த 5.9 பதிப்பு, ரெஃபரன்ஸ் எண்ணிக்கை சரியாக ஒன்றாக இருந்தால்தான் நகலின்றி எழுதலாம் என்று மாற்றியது. ஓட்டை அடைபட்டது. ஆனால் வேறு காரணத்துக்காக யாராவது ஒரு கணம் பக்கத்தைப் பிடித்திருந்தாலும் வீணாக நகல் எடுக்கப்பட்டது. சாதனம் பழைய பக்கத்திலும் செயல்முறை புதிய நகலிலும் எழுதும் ஆபத்தும் வந்தது.

சாதனங்கள் டிஎம்ஏ வழியாக, அதாவது சிபியு இடையில் இன்றி நேரடியாக, எழுதும் பக்கங்களை அடையாளம் காண, 5.7 பதிப்பில் ஒரு துணிச்சலான வழி சேர்க்கப்பட்டிருந்தது. அத்தகைய பிடிக்கு ஒன்றுக்குப் பதில் 1,024 கூட்ட வேண்டும். எண்ணிக்கை 1,024 அல்லது அதற்கு மேல் இருந்தால் சாதனம் பிடித்திருக்கலாம் என்று கெர்னல் கொள்ளும். சாதாரணப் பிடிகளே ஆயிரத்துக்கு மேல் சேர்ந்தாலும் இதே விடைதான் வரும். அதனால் இதைச் சோதிக்கும் செயற்கூறின் பெயரிலேயே 'மேபீ' (ஒருவேளை) என்ற சொல் இருக்கிறது. தன் எல்லையைப் பெயரிலேயே சொல்லிவிடும் இந்த நேர்மை பாராட்டத்தக்கது.

எண் நிரம்பி வழிவதும் கற்பனை அல்ல. 32 பிட் எண்ணைச் சுமார் 429 கோடி முறை கூட்டினால் அது சுழியத்துக்கே திரும்பும். பயன்பாட்டில் உள்ள பக்கம் விடுவிக்கப்பட்டுவிடும். சுமார் 140 ஜிபி நினைவகமுள்ள கணினியில் இது சாத்தியம் என்று தெரிந்ததும், 2019இல் வந்த 5.1 பதிப்பில் எண்ணிக்கை எதிர்மறையானால் புதிய பிடியை மறுக்கும் சோதனை சேர்ந்தது.

2022இல் வந்த 5.19 பதிப்பு, எழுதும்போது நகலெடுக்கும் முடிவை எண்ணிக்கையை நம்பி எடுப்பதைப் பெருமளவு கைவிட்டது. எந்தக் கோப்போடும் சேராத பெயரற்ற பக்கம் ஒரே செயல்முறைக்கு உரியது என்பதைக் காட்டத் தனிக் கொடி ஒன்று வந்தது. அந்தக் கொடி இருந்தால், எண்ணிக்கை எவ்வளவாக இருந்தாலும், உரிமையாளர் நகலின்றி எழுதலாம்.