சுருள்வில் எதிர்முழக்கம்: எண்முறைப் போலாக்கம்

ஒலியை உலோகச் சுருள்வில்லின் ஒரு முனையில் அதிர்வாகச் செலுத்தி, மறுமுனையில் எடுப்பது சுருள்வில் எதிர்முழக்கம். ஹாமண்ட் ஆர்கன் வழியே பரவி, 1960களில் ஃபெண்டரின் கிட்டார் ஒலிபெருக்கிகளில் நிலைபெற்றது. இதைக் கணினியில் உருவாக்க, உண்மையான வில்லின் துலங்கலைப் பதிந்து எந்த ஒலிமீதும் ஏற்றினால் போதும் என்பர். மெல்லிய ஒலிக்கு வில் ஏறத்தாழ நேரியல்பாக நடப்பதால் அந்த வாதம் வலுவானதே. ஆனால் பதிவு உறைந்த ஒன்று. வில்லின் இறுக்கத்தையோ நீளத்தையோ அதில் மாற்ற முடியாது. வில்லின் குணமோ சிதறலில் இருக்கிறது. பல வில்களில் சுமார் 4 கிலோஹெர்ட்ஸ் எல்லையை நெருங்கும் அதிர்வெண்கள் பிந்தி வருவதால், ஒரு தட்டல் ஒவ்வொரு சுற்றிலும் இன்னும் நீண்டு, மேல்நோக்கி வழுக்கும் கீச்சாகிறது.

ஆகவே 2006இல் ஜொனதன் ஏபல் குழுவினர் முன்வைத்த வழியே, அதாவது தாமதச் சுழலுக்குள், ஒலியின் அளவை மாற்றாமல் அதிர்வெண்ணுக்கேற்பத் தாமதத்தை மட்டும் மாற்றும் ஆல்பாஸ் வடிகட்டிகளைத் தொடராக அடுக்குவதே, பொருத்தமானது. வில்லின் சமன்பாடுகளையே நேரடியாகத் தீர்ப்பது துல்லியம் என்ற மறுப்பு சரி. ஆனால் கணக்கீட்டுச் சுமை பெரிது. வடிகட்டித் தொடரைச் சாதாரண மடிக்கணினியும் இலவச மென்பொருளும் தாங்கும். அத்தகைய இலவச ஒலிநிரலாக்க மென்பொருளான பியூர் டேட்டாவில் மட்டும் ஒரு சிக்கல்: அது வழக்கமாக 64 ஒலி மாதிரிகளை ஒரு தொகுதியாகச் சேர்த்தே கணக்கிடும்; அதைவிடக் குறுகிய சுழல் அதில் இயலாது. பல மில்லிவினாடி நீளும் பெருஞ்சுழலுக்கு அது இடைஞ்சலில்லை. வடிகட்டிக்குள் ஓடும் குறுஞ்சுழல்களுக்கோ தொகுதியை 1 மாதிரியாக்க வேண்டும், அல்லது ஒலிச் செயலாக்கத்துக்கான ஃபாஸ்ட் மொழியில் எழுதவேண்டும். எனினும், உண்மையான வில் இருக்கும் பெட்டியை உதைத்தால் எழும் இடிமுழக்கம் இந்தப் போலாக்கத்தில் அடங்காது.