தொகுப்பது அறிவியல் இல்லையா?

உயிரியல் படிக்கும் பெண்களிடம் “கூடவே கணினியும் கற்றுக்கொள், வேலை கிடைக்கும்” என்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் இந்த இரண்டையும் முதலில் இணைத்தவர்களில் ஒருவரான மார்கரெட் டேஹாஃபுக்கு அது அவ்வளவு சுலபமாக அமையவில்லை.

1925இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்த அவர் கணிதம் படித்தார். 1948இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் குவாண்டம் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றார். அலுவலகக் கணக்குகளுக்காக உருவான துளையட்டை இயந்திரங்களைக் கொண்டு மூலக்கூறுகளின் ஆற்றலைக் கணக்கிட்டது அந்த ஆய்வு. பிறகு இரண்டு மகள்களை வளர்க்கச் சில ஆண்டுகள் ஆய்விலிருந்து ஒதுங்கியிருந்தார். 1962இல் நிதி கேட்டபோது, வேகமாக வளரும் துறையோடு அவருக்குத் தொடர்பு விட்டுப்போனது என்று காரணம் சொல்லி அரசு நிறுவனம் மறுத்தது. பிள்ளை வளர்த்த ஆண்டுகள் அவர் கணக்கில் குறையாக எழுதப்பட்டன.

அவர் நிற்கவில்லை. புரதம் என்பது 20 வகை அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அன்று அதை முழுதாக வாசிக்க முடியாது. துண்டு துண்டாக வெட்டி, துண்டுகளில் பொதுவாக வரும் பகுதிகளைப் பார்த்து மறுபடி வரிசைப்படுத்த வேண்டும். கையால் செய்தால் மாதக்கணக்கில் ஆகும். 1962இல் ராபர்ட் லெட்லியோடு சேர்ந்து ஐபிஎம் 7090 கணினிக்கு அவர் எழுதிய ‘காம்ப்ரோட்டீன்’ நிரல், அந்த வரிசைப்படுத்தலைச் சில நிமிடங்களில் முடித்தது.

1965இல் ‘புரத வரிசை, அமைப்பு அட்லஸ்’ வெளிவந்தது. அதில் இருந்தவை 65 புரதங்கள். ரிச்சர்ட் எக்குடன் மேரி சாங், மின்னி சோச்சார்டு என்ற இரு பெண்களும் அதன் ஆசிரியர்கள். கணினியில் இடம் மிச்சப்படுத்த, மூன்றெழுத்தில் எழுதிவந்த அமினோ அமிலப் பெயர்களை டேஹாஃப் ஓரெழுத்தாகச் சுருக்கினார்.

ஆனால் சக விஞ்ஞானிகள் பலருக்கு இது அறிவியலாகத் தெரியவில்லை. சோதனைக்கூடத்தில் கண்டுபிடிப்பவரே விஞ்ஞானி. அதைச் சேகரித்து, பிழை பார்த்து, ஒப்பிடுபவர் வெறும் தொகுப்பாளர். சமைப்பவருக்குப் பெயர், அரிசியில் கல் பொறுக்கியவருக்குப் பெயர் இல்லை என்ற பழைய நியாயம்தான். உண்மையில் அந்த ஒப்பீட்டிலிருந்துதான், பரிணாமத்தில் எந்த அமினோ அமிலம் எதுவாக மாறுகிறது என்று அளக்கும் ‘பாம்’ அட்டவணைகள் 1978இல் பிறந்தன.

உயிர் இயற்பியல் சங்கத்தின் தலைவராகவும் இருந்த டேஹாஃப் 1983இல், 57 வயதில், மாரடைப்பால் இறந்தார். அவர் கட்டிய தரவுத்தளம் பின்னாளில் இன்றைய ‘யூனிப்ராட்’டுக்குள் கலந்தது. கொரோனா காலத்தில் ‘டி614ஜி’ என்ற திரிபைச் செய்திகளில் படித்தோமே, அந்த ‘டி’யும் ‘ஜி’யும் அவருடைய ஓரெழுத்துக் குறியீடுகள்தாம்.

இன்று இந்த வேலைக்கு உயிரித் தகவலியல் என்று பெயர். பட்டப்படிப்பு உண்டு, சம்பளம் உண்டு. இரு துறைகளுக்கு நடுவில் நிற்கப்போகும் மாணவி ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளலாம்: “நீ எந்தத் துறை?” என்ற கேள்வி வரும். பதில் கிடைக்கும்வரை டேஹாஃப் காத்திருக்கவில்லை, வேலையைத் தொடர்ந்தார். அதைவிட முக்கியமாக, நடுவில் சில ஆண்டுகள் விட்டுப்போன பெண் திரும்பி வரும்போது கதவைத் திறந்துவைப்பது அவளுடைய பொறுப்பு அல்ல, நிறுவனங்களின் பொறுப்பு.