சும்மா பார்த்துவிட்டுப் போகலாம்: ஒரு பாரீஸ் ஜவுளிக்கடையின் கதை

மார்க்கெட்டிங் என்றால் இப்போது பலருக்கும் டி.வி.யில் நடிகை சிரிப்பதும், தெருமுனையில் பேனர் கட்டுவதும்தான் நினைவுக்கு வருகின்றன. விளம்பரம் அதில் ஒரு பகுதி, அவ்வளவுதான். கடைக்கு வருகிறவரை எப்படி நடத்துவது, விலையை எப்படிச் சொல்வது, வாங்கியது பிடிக்காவிட்டால் என்ன செய்வது என்பதெல்லாம் அதில் அடக்கம். இவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பெரிய அளவில் செய்து காட்டியவர்களில் முக்கியமானவர் ஒரு பிரெஞ்சுக்காரர். பெயர் அரிஸ்தீது புசிக்கோ. கடையின் பெயர் ‘ஓ போன் மார்ஷே’. போன் மார்ஷே என்றால் மலிவு என்று பொருள். எங்கள் புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

புசிக்கோ 1810-இல் நார்மண்டிப் பகுதியில் பெல்லேம் என்ற சிற்றூரில் பிறந்தவர். தகப்பனார் தொப்பி வியாபாரி. இளைஞராகப் பாரீசுக்கு வந்து ‘பெத்தி சேன் தொமா’ என்ற ஜவுளிக்கடையில் விற்பனையாளராகச் சேர்ந்தார். தொழில் கற்றது அங்கேதான். 1852-இல் வீதோ என்ற சகோதரர்கள் நடத்திவந்த போன் மார்ஷே கடையில் பங்குதாரரானார். ரூ த சேவ்ர் தெருவும் ரூ து பாக் தெருவும் சந்திக்கும் இடத்தில் இருந்த கடை அது. பன்னிரண்டு பேர் வேலை பார்த்தார்கள். ஆண்டு விற்பனை சுமார் 4,50,000 பிராங்க்.

அந்தக் காலத்துப் பாரீஸ் கடை எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் புசிக்கோ செய்ததன் அருமை புரியும். கடைக்குள் காலை வைத்தால் எதையாவது வாங்கித்தான் ஆகவேண்டும் என்ற நிலை. சும்மா பார்க்க வந்தேன் என்று சொல்ல முடியாது. சரக்கின்மேல் விலை எழுதியிருக்காது. கடைக்காரர் வந்தவரின் உடையைப் பார்ப்பார், பேச்சைக் கேட்பார், அதற்குத் தக்கபடி ஒரு விலை சொல்வார். பிறகு பேரம். சாமர்த்தியசாலிக்கு ஒரு விலை, வெட்கப்படுகிறவருக்கு ஒரு விலை. வாங்கிப்போன துணியைத் திருப்பிக் கொண்டுவந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

நம்மில் பேரம் பேசாதவர் யார்? எங்கள் காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் இன்றைக்கும் சொன்ன விலைக்கு ஒருவர் வாங்கினால், விற்பவருக்கே பாதி சந்தோஷம் போய்விடும். அதில் ஒரு சுவை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்தபிறகு பக்கத்து வீட்டுக்காரி அதே சேலையை இருபது ரூபாய் குறைத்து வாங்கினாள் என்று தெரிந்தால் அன்றிரவு தூக்கம் வராது. புசிக்கோ கைவைத்தது அந்தச் சங்கடத்தில்தான்.

அவர் கடையில் ஒவ்வொரு பொருளிலும் விலைச்சீட்டு ஒட்டினார்கள். பிரபுவின் மனைவிக்கும் வேலைக்காரிக்கும் ஒரே விலை. யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம், தொட்டுப் பார்க்கலாம், வெறுங்கையோடு போகலாம். பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். இவை எல்லாவற்றையும் அவரே கண்டுபிடித்தார் என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. குறித்த விலை என்ற பழக்கம் அவருக்கு முன்பே பாரீசின் சில புதுமாதிரி ஜவுளிக்கடைகளில் இருந்தது. அவர் தொழில் கற்ற பெத்தி சேன் தொமாவும் அவற்றில் ஒன்று. அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்ததை ஒரே கடைக்குள் ஒழுங்காகக் கொண்டுவந்து, தவறாமல் கடைப்பிடித்ததுதான் புசிக்கோவின் சாதனை.

பேரம் இல்லாமல், குறைந்த இலாபத்தில் விற்றால் கட்டுப்படியாகுமா? கணக்கு எளியது. நூறு ரூபாய்ச் சரக்கை ஆண்டுக்கு ஒருமுறை விற்று நாற்பது ரூபாய் இலாபம் பார்ப்பவர் ஒருவர். அதே நூறு ரூபாயைப் போட்டு, பதினைந்து ரூபாய் இலாபத்தில் ஆண்டுக்கு நான்குமுறை விற்றுத் தீர்ப்பவர் இன்னொருவர். இரண்டாமவருக்குக் கிடைப்பது அறுபது. அதோடு அவர் கடையில் பழைய சரக்கு தேங்காது, பூச்சி அரிக்காது. ஆனால் நான்குமுறை விற்க வேண்டுமானால் கூட்டம் வரவேண்டும். கூட்டத்தை வரவழைக்கத்தான் மற்ற எல்லா ஏற்பாடுகளும்.

வீதோ சகோதரர்களுக்கு இந்த வேகம் பிடிக்கவில்லை. 1863-இல் தம் பங்கை புசிக்கோவிடமே விற்றுவிட்டு விலகினார்கள். அப்போது ஆண்டு விற்பனை 70 இலட்சம் பிராங்கைத் தொட்டிருந்தது. பங்கை வாங்கப் பணம் கொடுத்து உதவியவர் மயார் என்பவர். அமெரிக்காவில், நியூயார்க்கில் மிட்டாய் வியாபாரம் செய்து பணம் சேர்த்த பிரெஞ்சுக்காரர். பாரீசின் ஜவுளி சாம்ராஜ்யத்துக்கு முதல் போட்டது மிட்டாய்க் காசு என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும்.

பிறகு 1869-இல் புதிய கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். இரும்புத் தூண்கள், கண்ணாடிக் கூரை, மேலிருந்து கொட்டும் வெளிச்சம். இந்த வேலையில் பங்கேற்ற குஸ்தாவ் எய்ஃபெல் பின்னாளில் கட்டிய கோபுரத்தை உலகமே அறியும். கடைக்குள் வாசிப்பறை இருந்தது. மனைவி துணி புரட்டிக்கொண்டிருக்கும்போது கணவர் அங்கே உட்கார்ந்து பத்திரிகை படிக்கலாம். நம் ஊர் ஜவுளிக்கடைகளில் ஆண்களுக்கென்று ஓரமாக நாலு நாற்காலி போடுகிறார்களே, அதற்கு மூதாதை என்று சொல்லலாம். குழந்தைகளுக்கு வண்ணப்படம் அச்சிட்ட அட்டைகள் கொடுத்தார்கள். அவை வரிசை வரிசையாக வரும். ஒன்று கிடைத்தால் அடுத்தது வேண்டும் என்று பிள்ளை அடம்பிடிக்கும், தாய் மறுபடி வரவேண்டியிருக்கும். கெட்டிக்காரத்தனம்!

பாரீசுக்கு வரமுடியாதவர்களுக்குத் தபாலில் விலைப்பட்டியல் போனது. துணிகளின் மாதிரித் துண்டுகளையும் வெட்டி அனுப்பினார்கள். 25 பிராங்குக்கு மேல் வாங்கினால் அனுப்பும் செலவு கடையைச் சேர்ந்தது. ஏதோ ஒரு மூலையில் கிராமத்து நோட்டரியின் மனைவியும் பாரீஸ் சீமாட்டியின் துணியை அதே விலைக்கு வாங்கலாம் என்றாயிற்று. ரயில் பாதைகள் நாடெங்கும் பரவிய காலம் அது. ரயில் இல்லாவிட்டால் இதில் பாதிகூட நடந்திராது.

ஜனவரியில் வியாபாரம் படுத்துவிடும். புத்தாண்டுக்குச் செலவழித்த மக்கள் பையை மூடிக்கொள்வார்கள். அந்த மாதத்துக்கென்று வெள்ளைத் துணி விற்பனை வந்தது. படுக்கை விரிப்பு, மேசை விரிப்பு, சட்டை என்று கடை முழுக்க வெள்ளை. ஜன்னலுக்கு வெளியே பனி பெய்வதைப் பார்த்து புசிக்கோவுக்கு அந்த யோசனை தோன்றியதாக ஒரு கதை சொல்வார்கள். நம் ஆடித் தள்ளுபடியும் இதே சூத்திரம்தான். கல்யாணம் இல்லாத, ஆள் வராத மாதத்தையே திருவிழா மாதமாக்கிவிட்டார்கள்.

இத்தனையும் சொல்லிவிட்டு மறுபக்கத்தைச் சொல்லாவிட்டால் அது விளம்பரக் கட்டுரையாகிவிடும். எமில் ஸோலா 1882-இல் இந்தக் கடையிலும் லூவ்ர் என்ற போட்டிக் கடையிலும் பார்த்துக் கேட்டுக் குறிப்பெடுத்து, அடுத்த ஆண்டு ‘ஓ பொனேர் தே தாம்’ என்ற நாவலை வெளியிட்டார். ‘பெண்களின் இன்பம்’ என்று பொருள். அதுதான் நாவலில் வரும் கடையின் பெயரும். பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு இளம்வயதில் அது ஒரு காதல் கதையாகத்தான் பட்டது. ஓய்வு பெற்றபின் மறுபடி படித்தபோது கண்ணில் பட்டவர்கள் வேறு. எதிர்ச்சாரியில் இருண்ட சிறு கடையில் உட்கார்ந்து, வாடிக்கையாளர் ஒவ்வொருவராகப் பெரிய கடைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டே நொடித்துப்போகும் கிழவர் போது. பள்ளி ஆசிரியரான கணவரின் சம்பளம் தாங்காத அளவுக்கு வாங்கிக் குவிக்கும் மாதாம் மார்த்தி. லேஸ் துணியைத் திருடிப் பிடிபடும் சீமாட்டி. வாடிக்கையாளர் திருப்தி என்ற சொல்லை நாம் தாராளமாகப் பயன்படுத்துகிறோம். மாதாம் மார்த்தி திருப்தியாகத்தான் வீடு திரும்பினாள். அவள் கணவரின் நிலைமையை நாவலில் படித்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும் ஒன்று. போது கிழவரின் மேல் எனக்கு இரக்கம் உண்டு. அவர் காலத்துக் கடைக்காரர்கள் எல்லோரும் நேர்மையானவர்கள், பெரிய கடைதான் ஊரைக் கெடுத்தது என்ற புலம்பலை மட்டும் நான் ஏற்பதில்லை. ஆளைப் பார்த்து விலை சொன்னவர்களும் அவர்களில் இருந்தார்கள். அந்தக் கடைகளை விட்டு மக்கள் ஓடிப்போனதற்குப் படம்போட்ட அட்டை மட்டும் காரணமாக இருக்க முடியாது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று ரசீதின் அடியில் அச்சடித்துக் கொடுக்கும் கடைகள் இன்னும் நம்மிடையே உண்டு. 1850-களில் ஒரு மனிதர் பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று சொல்லி வியாபாரத்தைப் பெருக்கியிருக்கிறார். நம்மவர்களுக்கு இதில் என்ன பயம் என்று எனக்குப் புரிவதில்லை.

கடை ஊழியர்களின் நிலை கலவையானது. நீண்ட வேலை நேரம், கடுமையான கட்டுப்பாடு. விற்பதற்கேற்பக் கமிஷன் என்பதால் தங்களுக்குள் போட்டி. மறுபுறம் கடையிலேயே சாப்பாடு, மணமாகாத பெண்களுக்குத் தங்குமிடம், 1876-இல் சேமநிதி. பி.எஃப். கணக்கோடு வாழ்நாளைக் கழித்த என்னைப் போன்ற குமாஸ்தாவுக்கு அந்தக் கடைசி விஷயம் சாதாரணமாகத் தோன்றவில்லை.

புசிக்கோ 1877-இல் காலமானார். இரண்டு ஆண்டுகளில் ஒரே மகனும் போய்விட்டார். மிஞ்சியவர் மனைவி மார்கரித். சோன் நதிக்கரையில் வெர்ழு என்ற கிராமத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, சிறுவயதில் வாத்து மேய்த்ததாகச் சொல்லப்படுபவர். பாரீசில் சிறு உணவுக்கடை ஒன்றில் வேலைக்கு இருந்தபோதுதான் புசிக்கோவைச் சந்தித்தார். அந்த அம்மாள் 1880-இல் மூத்த ஊழியர்களைப் பங்குதாரர்களாகச் சேர்த்துக்கொண்டு கடையை நடத்தினார். 1886-இல் ஊழியர்களுக்கு ஓய்வூதிய நிதி ஏற்படுத்தினார். தம் ஊரில் நதிக்குக் குறுக்கே பாலம் கட்டப் பணம் கொடுத்தார். 1887-இல் அவர் இறந்தபோது, சொத்தில் பெரும்பகுதி பாரீஸ் நகரின் பொது மருத்துவ நிர்வாகத்துக்குப் போனது. அதிலிருந்து எழுந்த புசிக்கோ மருத்துவமனை 1897-இல் திறக்கப்பட்டது.

கடை இன்றும் அதே தெருவில் இருக்கிறது. பின்னாளில் எல்.வி.எம்.எச். என்ற ஆடம்பரப் பொருள் நிறுவனத்தின் வசம் வந்துவிட்டதால் இப்போது அங்கே பெயர் மட்டும்தான் மலிவு. பாரீசில் பிள்ளைகள் இருக்கும் புதுச்சேரி நண்பர்கள் அங்கே போனால் மெட்ரோ எட்டாம் பாதையில் புசிக்கோ என்ற நிலையத்தையும் பார்க்கலாம். மருத்துவமனை இருந்த இடம் அதற்குப் பக்கத்தில்தான்.